பலகையும் அசோக மரமும்

மலைச்சரிவில் கடைசியாக மிஞ்சிய அசோக மரத்தில் ஒரு தகரப் பலகையை அடித்து வைத்திருந்தார்கள். "பாதுகாக்கப்பட்ட மரம், தொடாதே" என்று அதில் எழுதியிருந்தது. அந்தப் பலகையின் கண்ணெதிரேதான் மருந்து வியாபாரிகள் வந்து இடுப்புயரத்துக்குப் பட்டையை உரித்துக்கொண்டு போனார்கள். அடுத்த கோடையைத் தாங்க மாட்டோம் என்று மரத்துக்குத் தெரியும். துணைக்கு வேறு மரம் இல்லாததால் அது காய்ப்பதும் நின்றுவிட்டது.

ஒரு நாள் கத்தியோடு ஒரு பெண் ஏறி வந்தாள்.

"அஞ்ச வேண்டாம், நான் இருக்கிறேன்" என்றது பலகை.

"போன தடவையும் நீதானய்யா இருந்தே" என்றது மரம்.

அவள் விரல் பருமனில் ஒரு குச்சியைச் சாய்வாக வெட்டினாள். மரத்தின் வெட்டுவாயில் சாணியை அப்பிவிட்டு, குச்சியை ஈரச் சாக்கில் பதமாகச் சுற்றினாள். "நூறு குச்சி நட்டா நாப்பது குச்சியாவது வேர் பிடிக்கும். உன் வம்சம் அழியாது தாயி" என்று மரத்திடமே சொன்னாள்.

காயத்துக்கு மருந்து போடும் கத்தியை மரம் அன்றுதான் பார்த்தது.

"வலிக்கவில்லையா?" என்று கேட்டது பலகை.

"வலிக்குதுதான். நீ கொஞ்சம் நகரு. உன் முதுகுக்குப் பின்னால நல்ல இளங்கிளை ஒண்ணு இருக்கு, அவ கண்ணுக்குத் தெரியாம மறைக்கிறே."