ஃபோம் போர்த்திய தொட்டி

"கையே வெந்துபோச்சு! இதுதான் நீங்க ஒட்டின லட்சணமா?" குழாயை மூடிவிட்டுக் கத்தினாள் நிதால்.

பஸ்ராவின் ஆகஸ்ட் வெயிலில் மாடித் தொட்டித் தண்ணீர் கொதிக்காமல் இருக்க, முந்தின நாள் மாலை முழுக்க அதைச் சுற்றி ஃபோம் ஒட்டியிருந்தான் அவள் கணவன் முன்தர். வெயில் தாங்கும் என்று இருபக்க டேப்பை விற்ற ஹாதிமை உடனே வரவழைத்தான்.

ஹாதிம் மாடிக்குப் போய்ப் பார்த்துவிட்டு இறங்கினான். "அண்ணே, ஒரு மூலைகூடப் பெயரலை. இழுத்துப் பார்த்தேன், என் நகம்தான் பிஞ்சுது."

"அப்புறம் ஏன்யா கொதிக்குது?"

கதவு தட்டப்பட்டது. இரண்டு வீட்டுக்கும் பொதுவான மாடியின் கொடியில் துணி காயப்போடும் தகராறில் மூன்று மாதமாகப் பேசாத பக்கத்து வீட்டு உம்மு தாலிப், தட்டு நிறைய, பேரீச்சம்பழம் பொதிந்த கிலேச்சா பிஸ்கட்டுகளோடு நின்றாள். கண் கலங்கியிருந்தது.

"சண்டையை மனசுல வைக்காம எங்க தொட்டிக்கு ஃபோம் ஒட்டியிருக்கியே தம்பி! தண்ணி என்னமா ஜில்லுனு வருது!"

முன்தர் வாயைத் திறந்தான். நிதால் அவன் காலை மிதித்தாள். "பக்கத்துல இருந்துக்கிட்டு இதுகூடச் செய்யலைன்னா எப்படிக்கா?"

உம்மு தாலிப் போனதும் முன்தர் கிசுகிசுத்தான். "ரெண்டு தொட்டியும் ஒரே நீலம்... மாறிப்போச்சு. பிய்ச்சு நம்மதுல ஒட்டிடவா?"

"அது வராதுண்ணே," என்றான் ஹாதிம் பெருமையாக.

நிதால் துண்டை எடுத்துத் தோளில் போட்டாள். "நான் பக்கத்து வீட்டு அக்கா வீட்டுல குளிச்சிட்டு வரேன். நீங்க இன்னொரு ரோல் வாங்குங்க."