குவைட் நைஸ்

பெண் பார்க்க வந்தவர்களின் கார் கிளப்பிய செம்மண் புழுதி செம்பனை ஓலைகளில் இன்னும் அடங்கவில்லை. அதற்குள் மாப்பிள்ளையிடமிருந்து பெண்ணின் அண்ணன் லோகேசுவின் கைப்பேசிக்கு ஒரே ஒரு வரி வந்து நிற்கிறது: ‘கேர்ள் இஸ் குவைட் நைஸ்.’ சன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால் அர்த்தம் தெரிந்துவிடும் என்பதுபோல அதைப் பிடித்துக்கொண்டிருக்கிறான் அவன். “குவைட்னா ரொம்பம்மா. ரொம்ப நல்ல பொண்ணுங்கிறாரு.” மீந்த வடையைக் கடித்தபடி சித்தப்பா தலையை ஆட்டுகிறார். “இல்லலா. குவைட்னா சுமாரு. ஏதோ பரவால்லன்னு அர்த்தம்.” ரொம்பவுக்கு மலர்ந்த அம்மாவின் முகம் சுமாருக்கு வாடுகிறது. “ரெண்டுல எதுடா?” “ரெண்டும் உண்டும்மா. சொல்ற தொனிய வச்சுத்தான் தெரியும்.” “இதுல தொனி எங்கடா இருக்கு?” மின்விசிறி கிரீச்சிடுகிறது. ஆறிய தேநீர்க் கோப்பையின் விளிம்பில் ஓர் ஈ சுற்றி வருகிறது. தமயந்தி இன்னும் அவர்கள் பார்க்க உட்கார்ந்த அதே நாற்காலியில்தான் இருக்கிறாள். பட்டுச்சேலைக்குள் முதுகு நனைந்திருக்கிறது, பூவுக்குக் குத்திய ஊசி மண்டையைக் குடைகிறது. மாப்பிள்ளை எப்படி என்று அவளை இதுவரை யாரும் கேட்கவில்லை. அவள் எழுந்து அண்ணன் கையிலிருந்து கைப்பேசியைப் பிடுங்கி, இரண்டு விரல்களால் தட்டி அனுப்புகிறாள்: ‘யூ ஆர் ஆல்சோ குவைட் நைஸ்.’ அம்மா பதறி எழுகிறாள். “என்னடி அனுப்புன? ரொம்பவா, சுமாரா?” தமயந்தி தலையிலிருந்து ஊசியை உருவி மேசைமேல் போடுகிறாள். “இனி அவங்க வீட்ல மண்டையப் பிச்சுக்கட்டும்.”