படகில்லாத வீட்டுக் கொக்கி

எங்கள் வீட்டில் படகு கிடையாது. வாங்கும் எண்ணமும் கிடையாது. ஆனால் ஏழு பேர் உட்காரும் எங்கள் குடும்ப வண்டியின் பின்னால், படகு இழுக்கும் கொக்கி மட்டும் வந்துவிட்டது.

கொக்கியோடு விட்டாரா வாப்பா? ஷுவைக்கிலிருக்கும் வண்டிப் பட்டறைக்குப் போகும்போதெல்லாம் வண்டி ஒரு புதுச் சாமானோடு திரும்பியது. படகு ஏற்றும் டிரெய்லரின் பிரேக்கும் சேர்ந்து பிடிக்க ஸ்டியரிங் பக்கத்தில் ஒரு பெட்டி. கொக்கி கழன்றாலும் டிரெய்லர் தனியே ஓடிவிடாமலிருக்க இரட்டைச் சங்கிலி. எடை ஏறினால் பின்பக்கம் தாழாமலிருக்கக் கனமான ஸ்பிரிங். யானைக் காது மாதிரி இரண்டு பக்கக் கண்ணாடி.

"அடுத்தது துடுப்பா?" என்றான் அண்ணன் ராகான்.

உம்மாவுக்குச் சிரிப்பு வரவில்லை. "இனிமே வெள்ளிக்கிழமை வண்டி எனக்குக் கிடையாதாம். எங்க உம்மா வீட்டுச் சாப்பாட்டுக்கு டாக்ஸியில போய் இறங்கணுமாம். என் தங்கச்சிங்க வாயில விழுந்து எந்திரிக்கணும்!"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "யாரோட படகை இழுக்கப் போறீங்க வாப்பா?"

"அபு மிஷாலோடது."

"அவர் கேட்டாரா?"

"இல்ல. நான்தான் கேக்கப்போறேன்."

பக்கத்து வீட்டு அபு மிஷால்! தன் படகை அடுத்தவன் விரலால் தொட்டாலும் துணி எடுத்துத் துடைக்கிற ஆள். அதைத் தன் குட்டி ஜீப்பில் கட்டி இழுத்துக்கொண்டு போய், "ஜீப்பு சின்னதுதான், ஓட்டுறவன் பெரிய ஆளு" என்று தெருவுக்கே பெருமையடிப்பவர். அவரிடம் போய்க் கெஞ்சுவதா?

வியாழன் காலை. சட்டம் படிக்கும் என்னைப் பல்கலைக்கழகத்தில் விடப் புறப்பட்ட வாப்பா, அடுத்த வாசலிலேயே வண்டியை நிறுத்தினார். அபு மிஷால் முற்றத்து வெயிலில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் காவா என்கிற அரபுக் காபிக் கூஜா. நான் வண்டியிலேயே இருந்தேன். வாசல் திறந்திருந்தது. பார்வையும் படும், பேச்சும் கேட்கும்.

"வாய்யா அபு ராகான்! நல்ல நேரத்துல வந்த." மூத்த மகன் பேரைச் சேர்த்துத்தான் வாப்பாவைக் கூப்பிடுவார்.

ஒரு கோப்பை ஊற்றிக் கொடுத்தார். வாப்பா வாங்கினார். குடிக்கவில்லை. மெதுவாகக் குனிந்து, தரையில் வைத்தார்.



கேட்டது கிடைக்காமல் குடிக்க மாட்டேன் என்று அதற்குப் பொருள். பெண் கேட்கப் போகிறவர் அப்படி வைப்பார். சிந்திய ரத்தத்துக்கு மன்னிப்புக் கேட்கப் போகிறவர் வைப்பார். வைத்தவரை வெறுங்கையோடு அனுப்பினால், அனுப்பியவர் ஊருக்குள் தலைகாட்ட முடியாது. மறுத்துவிட்டாலோ, வைத்தவருக்கு அதைவிட அவமானம் இல்லை.

அபு மிஷால் முகம் வெளிறிவிட்டது. "என்னய்யா ஆச்சு? யாருக்கு என்ன? கேளு, குடுத்துட்டேன்னு வச்சுக்க. முதல்ல காவாவைக் குடி."

"உன் படகை இனிமே என் வண்டிதான் இழுக்கணும். ஒவ்வொரு வெள்ளியும்."

 அபு மிஷால் சிரித்த சிரிப்பில் முற்றத்துப் புறா எல்லாம் பறந்துபோயிற்று.

"அட கிறுக்குப் பயலே! இதுக்கா கோப்பையைக் கீழ வச்ச? நான் என் பொண்ணைத்தான் கேக்க வந்துட்டியோன்னு பயந்துட்டேன்!"

"சும்மா கேட்டிருந்தா குடுத்திருப்பியா?"

"செத்தாலும் குடுத்திருக்க மாட்டேன்! சரி, கடல் ஆசை உன்னையும் பிடிச்சு ஆட்டுது. பாவம், பொழைச்சுப் போ. குடி."

வாப்பா குடித்தார். போதும் என்று கோப்பையை ஆட்டிக் காட்டித் திருப்பிக் கொடுத்துவிட்டு, ஏதோ பரிசு வாங்கியவர் மாதிரி வந்து உட்கார்ந்தார்.

தெருமுனை தாண்டும்வரை பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். அதற்குமேல் முடியவில்லை.

"பாவம், பொழைச்சுப் போன்னு சொல்றார். நீங்க தலையாட்டுறீங்க. வெக்கமா இல்லையா வாப்பா?"

"இல்லம்மா வக்கீலம்மா."

"உம்மாவோட வெள்ளிக்கிழமையைப் பிடுங்கி, இருக்கிற மரியாதையையும் தரையில வச்சு... எதுக்கு? அடுத்தவன் படகுக்குக் கூலி இல்லாம டிரைவர் வேலை பாக்க! நாளைக்குத் தெரு முழுக்க இதைச் சொல்லிச் சிரிப்பார்."

"சிரிக்கட்டுமே."

"கோப்பையைக் கீழ வைக்கிறதுக்கு ஒரு கணக்கு இருக்கு. உயிர் போற விஷயத்துக்கு வைக்கிறது. மீன் பிடிக்கப் போறதுக்கா வைப்பாங்க?"

வாப்பா பெரிய கண்ணாடியைப் பார்த்தபடியே வண்டியை வலது பக்கம் ஒதுக்கினார்.

"போன மாசம் கடலுக்குப் போற கைரான் ரோட்டுல அவன் ஜீப்புக்குப் பக்கத்துலயே போனேன். முன்னாடி ஒரு லாரி திரும்புச்சு. அவன் பிரேக் போட்டான். ஜீப்பு நிக்கப் பாத்துச்சு, படகு நிக்கல. ஜீப்பையே கோணலா தள்ளிக்கிட்டுப் போச்சு. அல்லாஹ் காப்பாத்தினான்."

"அதை அவர்கிட்டயே சொல்ல வேண்டியதுதானே? 'உன் ஜீப்பு தாங்காது'ன்னு?"

"ரெண்டு தடவை சொன்னேன். 'எனக்கு ஓட்டச் சொல்லித் தர்றியா'ன்னு அடுத்த வாரம் இன்னும் வேகமாப் போனான். புத்தி சொன்னா கேக்க மாட்டான். பிச்சை கேட்டா இல்லைன்னு சொல்ல மாட்டான்."

நான் ஸ்டியரிங் பக்கத்திலிருந்த பிரேக் பெட்டியைப் பார்த்தேன்.

வாப்பா சொன்னார்: "பின்சீட்டுல அவன் பிள்ளைங்க நாலும் இருந்துச்சும்மா. ஜீப்பு ஆடுறதை விளையாட்டுன்னு நெனச்சு, என்னைப் பாத்து சிரிச்சுக் கை ஆட்டுச்சுங்க. படகையா கேட்டு வாங்கினேன்?"