தீக்குச்சிப் பந்தயம்

"மறுபடியும் நீங்கதான் சார்!" மாரியப்பன் தீக்குச்சிக் குவியலை மகாதேவன் பக்கம் தள்ளினார்.

மகாதேவனுக்குக் கூச்சமாக இருந்தது. பாலங்களைச் சோதிக்கும் எஞ்சினியராகக் கல்கத்தாவுக்கு மாற்றலாகி வந்தபின் தமிழ் பேசக் கிடைத்த ஒரே துணை, லேக் கார்டன்ஸில் அவர் வீட்டுக்கு மேல் மாடியில் குடியிருந்த இந்த மாரியப்பன்தான். ஞாயிற்றுக்கிழமைப் பொழுது போகப் போக்கர் சீட்டாட்டம் கற்றுத் தருகிறேன் என்று அலிப்பூரில் தன் நண்பர் தத்தா வீட்டுக்கு அழைத்து வந்திருந்தார்.

"காசு வெச்சு ஆட மாட்டேன்" என்று மகாதேவன் வாசலிலேயே சொல்லிவிட்டார். அதனால்தான் தீக்குச்சி.

"ஆளுக்கு அஞ்சு சீட்டு. ஜோடி சேந்தா நல்லது, ஒரே மாதிரி மூணு சேந்தா அதைவிட நல்லது" என்று முதலிலேயே சொல்லிக் கொடுத்திருந்தார் மாரியப்பன். "தைரியம் இருந்தா பந்தயத்தை ஏத்துங்க. இல்லேன்னா கவுத்து வெச்சுடுங்க. எதிராளி பயந்து கவுத்துட்டா, மட்டமான சீட்டுகூட ஜெயிக்கும்."

இந்த முறை மகாதேவன் கையில் இரண்டு எட்டுதான் இருந்தது. ஒரு பிடி குச்சியை அள்ளி நடுவில் வைத்தார். தத்தா கண் இமைக்காமல் அவரையே பார்த்தார். பிறகு சீட்டுகளைக் கவிழ்த்தார்.

அடுத்துக் கலைத்துப் போடுவது மகாதேவன் முறை. சீட்டுகளைச் சேர்க்கும்போது தத்தா கவிழ்த்தவை கண்ணில் பட்டன. மூன்று ஏஸ்.

"இதை வெச்சுக்கிட்டா கவுத்தாரு?"

"பயந்துட்டாரு சார்." சிரித்தபடியே மாரியப்பன் கேமராவை எடுத்தார். "முதல் முதலா சீட்டு ஆடறீங்க, ஞாபகத்துக்கு ஒண்ணு." ஃபிளாஷில் கண் கூசியது.

"அந்த பெஹாலா பாலம் என்னாச்சு சார்? நாளைக்குத்தானே ரிப்போர்ட்?" என்றார் மாரியப்பன்.

"தூண்ல விரல் நுழையற அளவுக்கு வெடிப்பு. கட்டினவர் எவரா இருந்தாலும் சரி, இடிச்சுட்டு மறுபடி கட்டச் சொல்லப் போறேன். பள்ளிக்கூடப் பிள்ளைங்க போகப்போற பாலம் அது."

தத்தா எழுந்து போய் வாசல் கதவைத் தாழிட்டுவிட்டு வந்து உட்கார்ந்தார்.

டெலிபோன் அடித்தது. தத்தா எடுத்துக் கேட்டுவிட்டு ரிசீவரை மகாதேவனிடம் நீட்டினார். மறுமுனையில் மனைவி விஜயா.

"இந்த நம்பர் உனக்கு யார் குடுத்தா?"

"இப்ப வீட்டுக்கு வந்துட்டுப் போன ஆளுதாங்க குடுத்தான்." அவள் குரலில் சந்தோஷமும் பயமும் கலந்திருந்தன. "பை நிறையப் பணம் வெச்சுட்டுப் போயிருக்கான். சீட்டுல நீங்க ஜெயிச்சதாமே?"