கீழ்த்தட்டு

இதை எங்கே வைப்பது?

கூரியரில் வந்த கேமரா பிளாஷ் மடியில் இருந்தது. அவன் கண்ணாடி அலமாரிக்கு முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தான்.

அலமாரி பிதுங்கியது. மேலே லென்ஸ்கள். அடுத்த தட்டில் கேமராக்கள். தூத்துக்குடி உப்புக்காற்றுக்கு லென்ஸில் பூஞ்சை பிடித்துவிடும். அதனால் தட்டுக்குத் தட்டு ஈரம் உறிஞ்சும் பொட்டலங்கள், மூலையில் ஈரத்தைக் காட்டும் மீட்டர். பீரோவில் இருக்கும் பட்டுச்சேலைக்குக்கூட அந்த வீட்டில் இத்தனை உபசாரம் கிடையாது.

அடுக்குவதற்கு அவன் ஒரு முறை வைத்திருந்தான். புதிது வந்தால் மேலே. இருப்பது ஒரு தட்டு கீழே. மாதாமாதம் ஏதாவது வந்தது. மாதாமாதம் எல்லாம் இறங்கியது.

உள்ளறையில் மகள் ஜோவிட்டா அனத்தினாள்.

ஒன்றரை வயதுகூட ஆகவில்லை. முந்தாநாளிலிருந்து சோறு இறங்கவில்லை. வாயோரம் எச்சில் ஒழுகிக்கொண்டே இருக்கிறது. தொண்டைப்புண் என்று சொல்லி டாக்டர் மருந்து எழுதியிருந்தார். அவன் மனைவி புளோரா ஸ்பூனும் கையுமாகக் கெஞ்சிக்கொண்டிருந்தாள்.

"என் கண்ணுல்லா. ஒரு மடக்கு முழுங்கு தாயி."

பிள்ளை சுருண்டு கிடக்கும்போது இவனுக்கு அலமாரி கேட்கிறது. சும்மா இருந்தால் பயமாக இருக்கிறது, கைக்கு ஒரு வேலை வேண்டும் என்பது அவன் சமாதானம்.

கீழ்த்தட்டுக்குக் கதவு இல்லை. வெறும் பலகை. கேபிள்கள், பழைய பைகள், பேட்டரி டப்பா.

டப்பா வெகுநாள் மேலேதான் இருந்தது. கதவுக்குள் இருப்பதற்கு மூடி எதற்கு என்று, உடைந்த மூடியைத் தூக்கிப் போட்டுவிட்டான். ஞாயிற்றுக்கிழமை பெரிய லென்ஸ் வந்தபோது, டப்பாவும் இறங்கி வெளியே வந்துவிட்டது.

அதை இழுத்தான்.

எதையும் பேட்டரியோடு உள்ளே வைக்கமாட்டான். கசிந்தால் பொருள் பாழ். கழற்றிய பட்டன் பேட்டரிகளுக்கென்று ஸ்பாஞ்சில் வட்டம் வட்டமாகக் குழி வெட்டியிருந்தான். ஒவ்வொன்றும் ஒரு ரூபாய்க் காசைவிடக் கொஞ்சம் சிறியது.

ஒரு குழி காலியாக இருந்தது.

எங்கே போய்த் தொலைந்தது?

ரிமோட்டில் போட்டிருப்போம். திறந்தான். இல்லை. பலகைக்கு அடியில் கையை விட்டுத் துழாவினான். தூசி வந்தது. ஒரு பிஸ்கட் துண்டு வந்தது.

கடித்த பிஸ்கட். சின்னப் பல் தடம்.

ஐயோ.

ஞாயிற்றுக்கிழமை புளோரா கோயிலில் பூசைக்குப் போயிருந்தாள். பிள்ளை அவன் பொறுப்பு. புது லென்ஸைப் பிள்ளையை வைத்துத்தான் சோதித்தான். அலமாரி ஓரமாகத் தரையில் உட்கார்ந்திருந்தாள். சத்தமே இல்லை. என்ன சமர்த்து என்று கொஞ்சிக்கொண்டே எடுத்தான்.

கேமராவை எடுத்து அந்தப் படத்தைத் தேடினான். அவசரத்தில் படம் தாண்டிப் போனது. மறுபடி வந்தான்.

பெரிதாக்கினான்.

இமை மயிர் ஒவ்வொன்றையும் எண்ணலாம் போலிருந்தது. கன்னம். உதடு. உதடுகளுக்கு நடுவே வெள்ளையாக ஒரு கீற்று.

அன்றைக்கும் பார்த்தான். பார்க்காமல் இல்லை. எச்சிலில் வெளிச்சம் பட்டு மினுங்குகிறது, படத்தைக் கெடுக்கிறது என்று தோன்றியது. கம்ப்யூட்டரில் வைத்து அந்தக் கீற்றை மட்டும் அழித்துவிட்டான். தடம் தெரியாமல் அழிப்பதில் அவன் கெட்டிக்காரன். அந்தச் சுத்தமான படத்தைத்தான் புளோராவுக்கும் சொந்தக்காரர்களுக்கும் அனுப்பினான். திருஷ்டி சுற்றிப் போடச் சொல்லி எல்லோரும் பதில் போட்டார்கள்.

எச்சிலுக்கு இப்படி விளிம்பு இருக்காது. இது வளைந்த விளிம்பு. உலோகம்.

பேட்டரி அட்டையில் ஒரு குழந்தையின் உருவம் போட்டுக் குறுக்கே கோடு கிழித்திருப்பார்கள். விழுங்கினால் சில மணி நேரத்திலேயே உள்ளே புண்ணாக்கி ஓட்டை போட்டுவிடும் என்று பக்கத்திலேயே எழுதியிருக்கும். அதை அவன் படித்திருக்கிறான். படித்துவிட்டுத்தான் பிரித்தான்.

இன்றைக்குப் புதன்கிழமை.

கேமராவும் கையுமாக உள்ளறைக்கு ஓடினான்.

"கெளம்பு. பெரியாஸ்பத்திரி."

"இப்பத்தான கண்ணசந்தா. என்னாச்சுங்க?"

கேமராவை அவளிடம் நீட்டினான்.

புளோராவுக்கு வந்ததே கோபம். "பிள்ளை இப்படிக் கெடக்கு, இப்பவும் படமா காட்டுறீங்க? நீங்கள்லாம் மனுசந்தானா?"

அவன் அந்தக் கீற்றை விரலால் தொட்டுக் காட்டினான். காலியான குழியைச் சொன்னான்.

அவள் பார்த்தாள். பிறகு தலைமாட்டில் கிடந்த தன் போனை எடுத்தாள். அதன் முகப்பில் அதே பிள்ளை, அதே சமர்த்து. இதைப் பார்த்தாள். அதைப் பார்த்தாள்.

அவன் ஜோவிட்டாவை வாரித் தோளில் போட்டுக்கொண்டான். எச்சில் சட்டையில் இறங்கியது. இளஞ்சிவப்பாக இருந்தது.

"என் போன்ல இது இல்லையே" என்றாள் புளோரா.