சாவி தராத மெக்கானிக்

"புஷ் இன்னும் வரலைக்கா. பழைய மாடல் வண்டி. தேடித்தான் எடுக்கணும்."

போன வாரமும் மெக்கானிக் இதே பாட்டைத்தான் பாடினான். அவள் போனை வைத்துவிட்டுப் புருஷனைப் பார்த்தாள். அவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தார்.

"கேட்டீங்களா? இரும்பும் இரும்பும் உரசாம நடுவுல வைக்கிற ரப்பர் துண்டு. அது கிடைக்கலையாம். தங்கத்துலயா செய்றாங்க?"

"கிடைச்சா போடுவான். விடேன்."

இதுதான் அவளுக்கு உறுத்தியது. பஞ்சர் ஒட்டுகிறவன் கொஞ்சம் தாமதம் செய்தாலே கடையை இரண்டாக்கிவிடுகிற மனுஷன். ஸ்டியரிங் ஆடுகிறது, வண்டி ஒரு பக்கம் இழுக்கிறது என்று லாரியை ஷெட்டில் கொண்டுபோய் விட்டார். அதோடு சரி. ஒரு தடவையாவது போய்ச் சத்தம் போட வேண்டாமா?

அந்த லாரி ஓடினால்தான் வீட்டில் அடுப்பு எரியும். செங்கல் சூளைக்காரர் வேறு, "இந்த வாரமும் வண்டி வரலைன்னா நான் வேற ஆளைப் பார்த்துக்கிறேம்மா" என்று சொல்லிவிட்டார்.

"என்கிட்ட மறைச்சு வண்டியை விக்கப் போறீங்களா?"

"உனக்கு வேற வேலையே இல்லையா?"

இல்லை என்று அவர் சொல்லவில்லை. அதையும் மனசுக்குள் முடிந்து வைத்துக்கொண்டாள்.

கொழுந்தனைக் கூப்பிட்டாள். அவனும் டிரைவர்தான். தண்ணி லாரி ஓட்டுகிறான்.

"என்ன அண்ணி, போலீஸ் வேலைக்குச் சேர்ந்துட்டீங்களா?"

"வாயை மூடிட்டு வா."

ஷெட்டில் மெக்கானிக்கைக் காணோம். லாரி மூலையில் நின்றிருந்தது.

"வேலை முடியலைன்னா ஜாக்கியில தூக்கித்தானே நிறுத்தியிருப்பான்? எல்லாச் சக்கரமும் தரையில நிக்குது பாரு. அடியில போய்ப் பாருடா."

கொழுந்தன் செல்போன் வெளிச்சத்தோடு வண்டிக்கு அடியில் நுழைந்தான். அங்கிருந்து குரல் மட்டும் வந்தது.

"அண்ணி, ஸ்பிரிங் பட்டையில புஷ் எல்லாம் புதுசு. ஸ்டியரிங் பக்கமும் மாத்தியிருக்கு. கருகருன்னு மின்னுது."

அந்த நேரம் பார்த்து மெக்கானிக் டீ கிளாசோடு உள்ளே வந்தான். அவளைப் பார்த்ததும் வாசலிலேயே நின்றுவிட்டான்.

"வாங்கக்கா..."

"அக்கா கிக்கான்னு பேசாதே. வராத புஷ் வண்டிக்கு அடியில எப்படிய்யா வந்துச்சு? நடந்தே வந்துடுச்சா?"

அவன் வண்டிக்கு அடியில் நீட்டிக்கொண்டிருந்த கொழுந்தனின் காலைப் பார்த்தான்.

"சாவியைக் குடு. என் கொழுந்தன் ஓட்டிப் பார்க்கட்டும்."

தயங்கித் தயங்கிச் சாவியை எடுத்துக் கொடுத்தான். கொழுந்தன் தெருவைச் சுற்றி ஓட்டிவிட்டு வந்து, வண்டியில் இருந்தபடியே தலையை நீட்டினான்.

"வெண்ணெய் மாதிரி இருக்கு அண்ணி. ஒரு பக்கமும் இழுக்கலை. ஸ்டியரிங் ஆடவே இல்லை."

அவளுக்கு வந்ததே கோபம்! பக்கத்து லேத் பட்டறையில் இருந்தவர்கள் மெஷினை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தார்கள்.

"எங்க வண்டியில திருட்டு லோடு அடிக்கிறியா? இல்லை, அவரும் நீயும் கூட்டு சேர்ந்து வித்துட்டீங்களா? எதுன்னு சொல்லு!"

"ரெண்டும் இல்லக்கா."

"அப்புறம் எதுக்குய்யா பொய் சொன்னே? எங்க பொழைப்புல மண்ணை அள்ளிப் போடவா?"

அவன் டீ கிளாசையே பார்த்துக்கொண்டிருந்தான். குடிக்கவும் இல்லை.

"இவன்கிட்ட என்ன பேச்சு? டேய், வண்டியை வீட்டுக்கு எடு. சாவியை உங்க அண்ணன் கையில குடு. நாளைக்கே சூளைக்குக் கிளம்பட்டும்."

மெக்கானிக் ஓடிவந்து வண்டியின் கதவைப் பிடித்துக்கொண்டான்.

"தம்பி, நீ எங்க வேணாலும் ஓட்டிட்டுப் போ. அண்ணன் கையில மட்டும் சாவியைக் குடுத்துடாதே."

"அவரு வண்டிய்யா அது! தடுக்க நீ யாரு?"

அவன் லேத் பட்டறைப் பக்கம் பார்த்தான். அங்கே நின்றவர்கள் நகர்ந்து போகும்வரை காத்திருந்தான். பிறகு அவள் பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்தினான்.

"புஷ் மாத்தின அன்னைக்கே அண்ணனைக் கூப்பிட்டு ஓட்டச் சொன்னேன்க்கா. நானும் பக்கத்துல உக்காந்தேன். 'என்னத்தடா மாத்தினே, ஸ்டியரிங் அப்படியே ஆடுதே'ன்னு திட்டினாரு. இடம் மாறி நான் ஓட்டினேன். ஆடலை. மறுபடியும் அவரு பிடிச்சாரு. ஆடிச்சு. அவரே வண்டியை ஓரமா நிறுத்திட்டாரு."

"அப்புறம்?"

"வீட்டுல சொல்லிடாதேடான்னு கையெடுத்துக் கும்பிட்டாரு. 'நான் சொல்லலை, நீங்களே அக்காகிட்ட சொல்லி டாக்டரைப் போய்ப் பாருங்க, அதுவரைக்கும் சாவி கிடையாது'ன்னுட்டேன். அவரு வந்து சொல்லுவாருன்னுதான் நானும் உங்ககிட்ட இழுத்துக்கிட்டே இருந்தேன்."

"எதைய்யா சொல்லணும்?" அவள் குரல் இறங்கிவிட்டது.

"பழைய புஷ் இருந்த வரைக்கும் வண்டிதான் ஆடுதுன்னு ரெண்டு பேருமே நினைச்சோம்க்கா. வண்டியோட ஆட்டம் நின்னப்புறம்தான், அண்ணன் கை ஆடுறது தெரிஞ்சுது."