குவின்டன் இறங்குகிறான்

"உங்கம்மா வந்திருக்காங்களாடா?"

கோச் ப்ருவிட் இப்படிக் கேட்டதும் குவின்டன் நம்பமுடியாமல் நிமிர்ந்து பார்த்தான். நான்கு வருடமாக "ஏய், அம்பத்தாறு" என்று சட்டை எண்ணைச் சொல்லியே கூப்பிட்டுவந்த மனிதர். இன்று இடைவேளையில், மொத்தக் குழுவும் பார்த்துக்கொண்டிருக்க, தோளில் கைபோட்டு அம்மாவை விசாரிக்கிறார்!

"வந்திருக்காங்க கோச். மிசிசிப்பியிலேர்ந்து பஸ்ல. மீன் ஃபேக்டரில லீவு தரமாட்டேன்னுட்டாங்களாம், சண்டை போட்டு வாங்கிட்டு வந்திருக்காங்க."

"நல்லது. நீ இந்த வருஷத்தோட படிப்பை முடிச்சிடறல்ல? அடுத்த சீசன் கிடையாதே?"

"கிடையாது கோச். இதான் கடைசி."

"ம்... தயாரா இரு," என்று முதுகில் தட்டிவிட்டுப் போனார். பாவம், அந்த ஒரு தட்டலுக்கே பையனுக்குக் கண் கலங்கிவிட்டது.

தயாராக இருப்பதற்கென்ன! நான்கு வருடமாக அவன் செய்த ஒரே வேலை அதுதானே. விடியற்காலைப் பயிற்சிக்கு முதல் ஆளாக வந்து அடிவாங்குவான். சனிக்கிழமை ஆட்டத்தில் பெஞ்சில் உட்கார்ந்து கைதட்டுவான். ஒரு நாள், ஒரு நிமிடம்கூட அவனைக் களத்தில் இறக்கியதில்லை.

இன்றைக்கு விட்டால் அவ்வளவுதான். தெற்கு மண்டலச் சாம்பியனான இவர்களுடைய டாலன் கிரீக் கல்லூரிக்கும், வடக்கு மண்டலச் சாம்பியன் மெர்ரிடேலுக்கும் அமெரிக்கக் கால்பந்தில் சீசனை முடித்துவைக்கும் பவுல் போட்டி. மொபீல் நகர மைதானத்தில் உட்கார இடமில்லை. மகன் விளையாடி ஒருமுறையாவது பார்த்துவிட வேண்டும் என்றுதான் அவன் அம்மா வெர்லீன் அத்தனை தூரம் வந்திருந்தாள்.

ஐம்பத்தாறு என்று எண் போட்ட சட்டையுடன் உட்கார்ந்து, அக்கம்பக்கத்துக்கெல்லாம் அவித்த வேர்க்கடலையை அள்ளி அள்ளிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். "என் பையன் இறங்குவான், பாருங்க!"

"எப்ப? நாமெல்லாம் வீட்டுக்குப் போனப்புறமா?" என்று முன்வரிசைப் பெண் ஒருத்தி சிரித்தாள்.

"எங்கிட்டயே கடலை வாங்கித் தின்னுட்டு என் புள்ளையவே நக்கல் பண்றியா? வாய மூடிட்டு மேட்ச்சைப் பாரு."

உண்மையில், அவன் எப்போதோ இறங்கியிருக்க வேண்டும். முதல் பாதியிலேயே குழுவின் தூணான ஓரனை நடுவர் வெளியேற்றிவிட்டார். எதிராளியின் தலையில் ஹெல்மெட்டால் மோதினால் மன்னிப்பே கிடையாது, ஆட்டத்தை விட்டே அனுப்பிவிடுவார்கள். அதையே பின்பாதியில் செய்தால் அடுத்த ஆட்டத்திலும் பாதி நேரம் வெளியே உட்கார வேண்டியதுதான்.

ஓரனுக்கு அடுத்து வரிசைப்படி குவின்டன்தான். கோச் என்னவோ முதலாண்டுப் பையன் ஒருவனை இறக்கினார்.

"மச்சி, உன் டிரஸ்ஸைத் துவைக்கவே வேணாம்," என்றான் பக்கத்தில் இருந்த டவாரஸ். "மடிப்புக் கலையாம இருக்கு. அப்படியே கடையில திருப்பிக் குடுத்துடலாம்."

"போடா டேய். தயாரா இருன்னு கோச்சே சொல்லியிருக்கார்."

"உங்கிட்டயா? முதல்ல உன் பேரு தெரியுமாடா அவருக்கு?"

குவின்டனுக்குச் சுருக்கென்றது. எழுந்து நேரே கோச்சிடம் போனான். "கோச், நான் ரெடி."

"தெரியும்டா. நேரம் வரும், கூப்பிடறேன்," என்றார் அவர், களத்திலிருந்து கண்ணை எடுக்காமல்.

அவர் பார்த்துக்கொண்டிருந்தது மெர்ரிடேலின் ஏழாம் நம்பரை. பந்து எறிவதில் பையன் பிசாசு. இடைவேளைக்குப் பிறகு அவன் எறிந்தது ஒன்றுகூடத் தப்பவில்லை. பதினெட்டுப் புள்ளி முன்னால் இருந்த டாலன் கிரீக், இப்போது நான்கே புள்ளி முன்னிலையில் தொங்கிக்கொண்டிருந்தது. ஆட்டம் முடிய மூன்று நிமிடம். பந்து அவன் கையில்.

"அவனை யாராவது நிறுத்தித் தொலைங்கடா!" ப்ருவிட் தொப்பியைக் கழற்றித் தரையில் அடித்தார். ஒருவராலும் முடியவில்லை. இரண்டு பேர் பாய்ந்தும் நழுவிக்கொண்டு ஓடினான். இன்னும் இரண்டு எறி எறிந்தால் கோப்பை அவர்களுக்கு.

கோச் பெஞ்சைத் திரும்பிப் பார்த்தார். "குவின்டன்! வாடா இங்க!"

பெயர் சொல்லிக் கூப்பிட்டார்! டவாரஸ் வாயைப் பிளந்தான். பிறகு துள்ளி எழுந்து, "போ மச்சி, போ! பின்னி எடு!" என்று பிடித்துத் தள்ளினான்.

மேலே வெர்லீனுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. "அய்யோ, அதோ! என் புள்ள! என் புள்ள இறங்குறான்!" மடியிலிருந்த கடலையெல்லாம் கொட்டிப்போனது. முன்வரிசைப் பெண்ணே எழுந்து அவளைக் கட்டிக்கொண்டாள். "எங்க, எங்க உன் பையன்? காட்டு!" அந்தப் பகுதி முழுக்க எழுந்து "அம்பத்தாறு! அம்பத்தாறு!" என்று கத்தத் தொடங்கியது.

குவின்டனுக்கு அது காதில் விழுந்தது. ஹெல்மெட் வாரைப் பூட்டக்கூட நிற்காமல் ஓடிவந்தான். கோச்சே அதைப் பூட்டிவிட்டு, முகத்தின் முன்னால் இருந்த கம்பியைப் பிடித்து அவனைப் பக்கத்தில் இழுத்தார்.

"நான் எங்க நிக்கணும் கோச்?"

அவர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, கையிலிருந்த குறிப்பட்டையால் வாயை மறைத்துக்கொண்டு, கனிவாகத்தான் சொன்னார்:

"எங்க வேணா நில்லு. அந்த ஏழாம் நம்பர் மண்டையைப் பாத்து மோது... உன்னை வெளிய அனுப்பினா எனக்கு நஷ்டமில்ல."